அவள் இன்னும் ஜெபித்து முடிக்கவில்லை

ஸ்காபரோ
1996 மே, ஒரு திங்கட்கிழமை காலை

என் ஆசை ரூபி மச்சாளுக்கு,

வென்றுவிட்டோம்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நேற்றுப் பொதுக்கூட்டத்தில் எங்கள் சபையின் சட்டம் மாறிவிட்டது. இனிப் பெண்களுக்கும் வாக்கு உண்டு. நிர்வாகக் குழுவில் இடம் உண்டு. ஆராதனையில் முன்னால் நின்று ஜெபம் நடத்தவும் உரிமை உண்டு. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரெலிபோனை எடுத்து உங்கள் நம்பரை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நீங்கள் மாசி மாதமே போய்விட்டது நினைவுக்கு வந்தது. ஆனாலும் உடனே வைக்க மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் அடிக்கட்டும் என்று விட்டேன்.

ஆகவே எழுதுகிறேன். இங்கே வாராவாரம் வரும் தமிழ்ப் பத்திரிகைக்காரர் இதைப் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களைத் தெரியாத ஆட்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையே திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபிக்காதீர்கள். நீங்கள் சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொன்னபோதெல்லாம் நான் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறேன்தானே?

நீங்கள் என் கணவரின் மூத்த அக்கா. நான் கலியாணம் கட்டி வந்த அன்றைக்கே என்னை மேலும் கீழும் பார்த்து, “உமக்கு வாய் கொஞ்சம் நீளமாம், உண்மையே?” என்று கேட்டீர்கள். “ஓம் மச்சாள், உங்கட தம்பிக்கு வாயே இல்லையாம், அதுதான் என்னைக் கட்டி வச்சவை” என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கலியாண வீடே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குச் சேர்ந்த கூட்டு இது. நாட்டை விட்டு வந்து, வோபர்னில் ஒரே தெருவில் இரண்டு கட்டடங்களில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய், ஒரே சபையில் பின் வரிசையில் இருந்து குசுகுசுத்த கூட்டு.

அந்தப் பின் வரிசையில்தான் எல்லாம் தொடங்கியது. சபையில் குடும்பம் ஒன்று பக்கத்து ஊரான மார்க்கத்தில் புது வீடு வாங்கியிருந்தது. அவர்களின் பெயரை நான் போடப்போவதில்லை. மார்க்கத்து அங்கிள், மார்க்கத்து அன்ரி என்றால் சபைக்காரருக்கு விளங்கும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை. அங்கிள் நிர்வாகக் குழுவில் இருந்தவர், வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு வயது இருபது இருக்கும். இந்தக் கடிதத்தில் செல்வி என்று எழுதுங்கோ அக்கா என்று சொன்னவள் அவளேதான்.

ஞாயிறு தோறும் அந்தக் குடும்பம் தங்கள் வான் வண்டியில் வந்து இறங்கும். செல்வி இறங்க மாட்டாள். “அவவுக்கு ஆக்களைக் கண்டால் கூச்சம்” என்பா அன்ரி. எங்களுக்கு அது கேட்டுப் பழகிவிட்டது, உங்களுக்குப் பழகவில்லை. அவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனபோது நீங்கள் குசினிக்குள் போய், “எங்க பிள்ளை படிக்கிறீர்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் ஹோல் பக்கம் எட்டிப் பார்த்தாளாம். “ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளை ஏன் மற்றவையின்ர முகத்தைப் பார்க்க வேணும்?” என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னைப் பிய்த்தெடுத்தீர்கள்.

அதை நீங்கள் உங்கள் வேலையிடத்தில் டோரத்தியிடமும் சொன்னீர்கள். டோரத்தி உங்களோடு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் லோன்றியில் வேலை செய்த கறுப்பினப் பெண். தன் சபையில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. உங்கள் இங்கிலீசும் அவவின் பொறுமையும் சேர்ந்து நல்ல சினேகிதமாகிவிட்டிருந்தது. டோரத்தி படுக்கை விரிப்பை மடித்தபடியே உங்களிடம் மூன்று கேள்வி கேட்டாவாம். அந்தப் பிள்ளையால் தானாக வாசல் கதவைத் திறந்து வெளியே போக முடியுமா? அவளுடைய பாஸ்போட் யாரிடம் இருக்கிறது? அவள் தன் தாயோடு தனியாகக் கதைக்கலாமா? பிறகு டோரத்தி தன் குடும்பத்துக் கதையைச் சொன்னாவாம். அவவின் கொள்ளுப்பாட்டியின் தாய் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் அடிமையாக விற்கப்பட்டவ, ஆற்றைக் கடந்து இந்த நாட்டுக்கு ஓடிவந்தவ. அப்படி ஓடிவந்தவர்களை மறைத்துவைத்துச் சோறு போட்டது சபைப் பெண்கள்தானாம்.

அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்து அடிமை என்ற சொல்லைச் சொன்னீர்கள். என் கணவர் பதறிப்போனார். “அக்கா, உது பெரிய சொல்லு. அவை சொந்தக்காரர்.” நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டென்று வைத்தீர்கள். “அடிமை எண்டால் காலில சங்கிலி இருக்க வேணும் எண்டு நினைக்கிறாயோ? வெள்ளைக் காப்பெற் போட்ட வீட்டிலயும் அடிமை இருக்கலாம்” என்றீர்கள். அவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. எப்போதுதான் திறந்தார்?

இனி அந்த மாலையைச் சொல்ல வேண்டும். இதை எழுதும்போதே எனக்கு அவ்வளவு சந்தோஷம் மச்சாள்.

மார்க்கத்து அங்கிள் புது வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டு ஜெபத்தின் கடைசியில் எல்லோரும் வட்டமாக முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்போம். ஆராதனையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்றாலும் வீட்டில் திறக்கலாம். அதற்கு அங்கிள் இரண்டு கட்டளை வைத்திருந்தார். வீட்டில் இருக்கிற எல்லோரும், சின்னப் பிள்ளைகள் உட்பட, ஒரு வசனமாவது ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது யாரும் இடையில் மறிக்கக் கூடாது, அது ஆண்டவரோடு கதைக்கிறவரை மறிப்பது. இந்த இரண்டையும் எத்தனை வீடுகளில் எத்தனை தரம் அவர் வாயால் கேட்டிருப்போம்!

அன்று எல்லோரும் முழங்காலில் நின்றாகிவிட்டது. குசினியில் பற்றிஸ் பலகாரம் பொரியும் சத்தம் கேட்டது. நீங்கள் அந்த வலது முழங்கால் நோவோடு ஒரு கையால் சோபாவைப் பிடித்து மெல்ல இறங்கினீர்கள். இறங்கியவர் கண்ணை மூடவில்லை.

“தம்பி, வீட்டில இருக்கிற எல்லாரும் ஜெபிக்க வேணும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு அந்தப் பிள்ளையும் வரட்டும்.”

அங்கிள், “அவ பிறகு ஜெபிப்பா அக்கா, எண்ணெய் கொதிக்குது” என்றார்.

“எண்ணெய் ஆறினால் திருப்பிக் கொதிக்க வைக்கலாம்” என்றீர்கள்.

போதகரும் வட்டத்தில் இருக்கிறார். அவரும், “ஓம், வரட்டும்” என்றார். அங்கிளுக்கு வேறு வழியில்லை, கட்டளை அவருடையது. செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உங்களுக்கும் எனக்கும் நடுவில் முழங்காலில் நின்றாள். நீங்கள் அவளுடைய காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது. “ஆண்டவரிட்ட எல்லாத்தையும் சொல்லலாம் பிள்ளை. ஒருத்தரும் மறிக்க ஏலாது.”

அவளுடைய முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு தொடங்கினாள்.

“ஆண்டவரே, இந்தப் புது வீட்டுக்காகத் தோத்திரம். எனக்கு ஜெபிக்கிறது மறந்துபோச்சு. கன நாளாய் நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. படிப்பிக்கிறம் எண்டுதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவை. அம்மா நான் படிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. நான் பள்ளிக்கூடத்தைக் கண்ணாலயும் காணேல்லை ஆண்டவரே. விடிய எழும்பிச் சமைச்சு, பிள்ளையளைப் பார்த்து, எல்லாற்ற உடுப்பும் மினுக்கிப்போட்டுக் கீழ பேஸ்மன்றில படுக்கிறன். வெளியில போனால் பொலிஸ் பிடிச்சுத் திருப்பி அனுப்பும் எண்டு சொல்லுகினம். சம்பளம் கேட்டதுக்கு அன்ரி அடிச்சவ. என்ர பாஸ்போட் அங்கிளின்ர அலுமாரியில பூட்டிக் கிடக்கு...”

“ஆமென்!” என்று அங்கிள் பெரிய சத்தத்தில் சொன்னார். ஜெபத்தை முடித்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. இரண்டொரு ஆண்களும் பழக்கதோஷத்தில் ஆமென் என்றார்கள்.

நீங்கள் கண்ணை மூடியபடியே, சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொன்னீர்கள். “அவள் இன்னும் ஜெபிச்சு முடிக்கேல்லைத் தம்பி.”

செல்வி மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். அன்ரி மேலோ அங்கிள் மேலோ தனக்குக் கோபமில்லை என்றாள். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். “எனக்கு வெளியில போக வேணும் ஆண்டவரே, அவ்வளவுதான்” என்றாள். பிறகு ஆமென் என்று அவளே சொன்னாள். அப்போதுதான் நாங்களும் சொன்னோம்.

அடுத்த முறை உங்களுடையது. “ஆண்டவரே, நீர் கேட்டீர். நாங்களும் கேட்டம். கேட்டுப்போட்டுக் கேளாத மாதிரி எழும்பிப் போக எங்களை விடாதையும்.” அவ்வளவுதான் உங்கள் ஜெபம். ஜெபம் முடிந்தும் நீங்கள் எழும்பவில்லை. அங்கிள் எழும்பி நின்று, வாருங்கோ சாப்பிடுவோம் என்று கூப்பிட்டுப் பார்த்தார். நீங்கள் அசையவில்லை. “பிள்ளையின்ர பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ தம்பி. அதுவரைக்கும் நாங்கள் முழங்காலிலதான் நிப்பம்.”

நாங்கள் என்றீர்கள். யாரைக் கேட்டு நாங்கள் என்றீர்கள்? ஒருவரோடும் பேசி வைக்கவில்லை. ஆனால் நான் எழும்பவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்தவ எழும்பவில்லை, எதிரே இருந்த பெண்களும் எழும்பவில்லை. ஆண்கள் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்கள். போதகர் ஒருதரம் எழும்பப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முழங்காலிட்டார், அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். கடைசியில் அங்கிள் மேலே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அழவைத்தது. “கோட்டைப் போடு பிள்ளை, வெளியில குளிர்” என்றீர்கள். செல்வி உங்களைப் பார்த்து விழித்தாள். அவளிடம் கோட்டே இல்லை. அதற்கு முந்திய குளிர்காலம் முழுவதும் இந்த நாட்டில் இருந்திருக்கிறாள், வெளியே போகாத ஆளுக்குக் கோட்டு எதற்கு என்று ஒருவரும் வாங்கிக் கொடுக்கவில்லை. நீங்கள் உங்கள் மண்ணிறக் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிவிட்டு, வெறும் சுவெற்றரோடு கார் வரை நடந்தீர்கள். காருக்குள் பல்லுக் கிட்டியது உங்களுக்கு, ஆனாலும் வாய் ஓயவில்லை.

செல்வி உங்கள் வீட்டிலேயே தங்கினாள். டோரத்தியின் சங்கத்துப் பெண்கள் அவளுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தார்கள், விசாரணைக்கும் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு வந்து வரிசையாக இருந்தார்கள். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட அன்று டோரத்தி உங்களைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியதையும், என்னை இறக்கிவிடு என்று நீங்கள் தமிழில் கத்தியதையும் நான் மறப்பேனா?

எங்கள் சபை மட்டும் இதைக் குடும்ப விவகாரம் என்றது. நிர்வாகக் குழு கூடி, இதை வெளியில் கதைக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அங்கிள் குழுவிலிருந்து விலகவும் இல்லை, விலக்கப்படவும் இல்லை. குழுவில் ஒரு பெண்ணும் கிடையாது. சபைச் சட்டப்படி வீட்டுக்கு ஒரு வாக்கு, அதுவும் குடும்பத் தலைவருக்கு. தனியாளான உங்களுக்கு அதுகூட இல்லை. செல்வி உங்களிடம் கேட்டாள், “அண்டைக்கு அந்த வீட்டில சொன்னதைக் கோயிலில முன்னுக்கு நிண்டு சொல்ல ஏலாதோ ரூபி அன்ரி?” நீங்கள் அவளுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். “சொல்லுவாய். நான் சொல்ல வைப்பன்.”

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போராட்டம். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் எல்லோரும் எழும்புவார்கள், பெண்கள் நாங்கள் எழும்ப மாட்டோம். சட்டம் மாறுமட்டும் ஆராதனை முடியவில்லை என்று முழங்காலிலேயே நிற்போம். ஞாயிறு ஆராதனைக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்த கோயில் அது, எங்களுக்குப் பிறகு வேறு சபைக்காரர் வருவார்கள். ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கோட்டுகளைச் சுமந்துகொண்டு, பசியோடு கார் நிறுத்துமிடத்தில் அலைவார்கள். என் கணவர் பால் போத்தலோடு ஜன்னலால் எட்டிப் பார்த்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஆண்கள் பிள்ளை பார்க்கப் பழகியதே அப்போதுதான்!

முழங்காலை மடிக்கவே கூடாது என்று டொக்டர் உங்களுக்குச் சொல்லியிருந்தார். “டொக்டரும் ஆம்பிளைதானே” என்றீர்கள். தலையணை கொண்டுவந்து தந்தேன், வேண்டாம் என்றீர்கள். பிறகு மாசியில், பனி கொட்டிய ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்ட இடத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. முழங்காலைத்தானே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் மச்சாள்? நெஞ்சைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை?

சரி, அழுகையை விடுகிறேன். நேற்றைக்கு வருவோம்.

பொதுக்கூட்டம். சட்டத்தை மாற்றும் தீர்மானம். தலைவர் வீடு வீடாகப் பெயர் வாசித்துக் கையைத் தூக்கச் சொன்னார். என் வீட்டுப் பெயர் வந்தபோது உங்கள் தம்பி, அந்த வாய் இல்லாத மனுஷன், எழும்பி நின்று, “ஓம். அக்காவுக்காகவும் ஓம்” என்றார். எனக்கு அவரை அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாக்குகள் ஒருதரம் எங்கள் பக்கமும் ஒருதரம் மறுபக்கமுமாகவே விழுந்தன. கடைசியில் இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக வந்து நின்றது. மிஞ்சியது ஒரேயொரு வீடு.

மார்க்கத்து வீடு.

அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தலைவர் எதிர்ப்பு என்று எழுதக் குனிந்தார். அப்போது அங்கிளுக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. அன்ரி! எங்களோடு ஒருநாளும் முழங்காலில் நிற்காத அன்ரி!

“அன்ரி, வீட்டுக்கு ஒரு வாக்குத்தான்” என்றார் தலைவர்.

“தெரியும். எங்கட வீட்டின்ர வாக்கை இண்டைக்கு நான் போடுறன்.” தூக்கிய கையை இறக்கவில்லை. அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்ரி அவர் பக்கம் திரும்பவில்லை. “எங்கட வீட்டில ஒரு பிள்ளை ஜெபிச்சது எனக்கு இன்னும் காதுக்குள்ள கேக்குது. எழுதுங்கோ.”

தலைவர் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இல்லை என்று சொல்லவில்லை. தலைவர் எழுதினார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்த கூத்தை எப்படி எழுதுவது? பெண்கள் கத்தினார்கள், அழுதார்கள், ஒருத்தி பாட்டுத் தொடங்க மற்றவள் வேறு பாட்டுத் தொடங்கினாள். நான் ஒரு கதிரையில் ஏறி நின்றேன், ஏன் என்று எனக்கே தெரியாது. வாசலில் நின்ற ஒரு பெரியவர், “அப்ப இனி மேடையிலயும் ஏறப் போறியளோ?” என்று கேட்டார். “இப்பவே ஏறித்தானே நிக்கிறன் அங்கிள்” என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உங்களிடம் எதையும் மறைத்ததில்லை, இதையும் சொல்கிறேன். அன்ரி கூட்டத்துக்குள் வழி விலக்கிக்கொண்டு செல்வியிடம் வந்தா. “என்னை மன்னிப்பியோ பிள்ளை?” என்று கேட்டா. எல்லோரும் செல்வியைப் பார்த்தோம். செல்வி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நேராக அன்ரியைப் பார்த்து, “கை தூக்கினதுக்கு நன்றி அன்ரி. மற்றது எனக்கு இன்னும் ஏலாது” என்றாள். அன்ரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டா. மன்னித்திருக்க வேண்டும் என்று பிறகு இரண்டுபேர் முணுமுணுத்தார்கள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் மச்சாள்? எனக்கென்னவோ, மற்றவர் முகத்தைப் பார்க்காமல் அவள் சொன்ன அந்தப் பதிலைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

செல்விக்கு இப்போது பகலில் ஒரு பேக்கரியில் வேலை, பின்னேரம் படிப்பு. சொந்தக் காசில் சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள், பார்த்தால் கண் கூசும். உங்கள் மண்ணிறக் கோட்டை யாருக்காவது கொடுக்கச் சொன்னால் கொடுக்க மாட்டேன் என்கிறாள். தாயோடு ரெலிபோனில் கதைக்கும்போது அதைப் போட்டுக்கொண்டுதான் கதைக்கிறாளாம், வீட்டுக்குள், ஹீற்றர் போட்ட அறையில்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபம் நடத்தப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்? போதகர் கேட்டார், செல்வி ஓம் என்றுவிட்டாள். டோரத்தியும் தன் சங்கத்துப் பெண்களோடு வருகிறா. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் எங்கே ஆமென் சொல்வது என்று தனக்குத் தெரியும் என்கிறா.

நான் எப்போதும்போலப் பின் வரிசையில் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பேன், முழங்காலில். செல்வி எவ்வளவு நேரம் ஜெபித்தாலும் சரி, நடுவில் வாயடைத்து நின்றாலும் சரி, பிள்ளைகள் அழுதாலும், சோறு ஆறினாலும், அடுத்த சபைக்காரர் வந்து கதவைத் தட்டினாலும் சரி. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு மச்சாள்: அவள் முடிக்கும் வரை ஒருவரையும் ஆமென் சொல்ல விடமாட்டேன்.

உங்கள் தம்பியைக் கட்டி உங்களைப் பெற்றுக்கொண்ட,
வாய் நீண்ட மச்சாள்
கிரேஸ்